குரங்குமலையில் வாய்த்துஷ்டம்

இலங்கை மலைநாட்டு அட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்கு முதலில் குளிர்ந்தது பல். உடம்பு குளிர்ந்ததெல்லாம் அப்புறம். திருச்சிராப்பள்ளியில் பல்பொடி விற்கிறவனுக்குப் பல்லும் குளிரும் என்பதே புதுச் சேதி. வாயைத் திறந்தால் புகை வந்தது. "பீடி செலவு மிச்சமுங்க" என்று மூட்டை தூக்க வந்தவன் சிரித்தான்.

என்னைக் கூட்டிவந்த டாக்டர் பஞ்சநதம் என் வாயிலிருந்து வந்த புகையைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். காது, மூக்கு, தொண்டை, வாய் என்று மனுஷனை அவர் அந்த ஓட்டைகளுக்குள் அடக்கிவிட்டார். மற்ற உடம்பெல்லாம் அவற்றைச் சுமந்து திரிவதற்காகப் படைக்கப்பட்ட வண்டி. ரயிலில் எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த ஒருவரை, "சற்று விசாலமாகத் திறவும்" என்று கேட்டு, வடை விழுங்கப்படும் வரை பொறுமையாகக் காத்திருந்தவர் அவர்.

வெற்றிலையும் புகையிலையும் மென்று கன்னத்தில் ஒதுக்கி வைப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே முதலில் வெள்ளை படரும், பிறகு புண் வரும், புண் துஷ்ட விரணமாக, அதாவது புற்றாக, மாறும் என்பது அவருடைய கட்சி. அதை நிரூபிக்க அவருக்கு ஏராளமான வாய்கள் வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் ஆணும் பெண்ணும் ஓயாமல் மெல்லுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டுக் கப்பலேறினார். பார்த்ததை இங்கிலீஷில் எழுதி லண்டனில் ஒரு சபைக்கு அனுப்புவார். அந்தச் சபையில் ஒருவராவது வெற்றிலை போட்டிருப்பாரா என்று கேட்டேன். "அது அவசியமில்லை, ஓய்" என்றார்.

நான் எதற்கு? டாக்டர் பேசுவதும் தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழுக்கு இன்னொரு தமிழ் வேண்டும். வலிக்கிறதா என்று கேட்க, "வேதனை உண்டோ?" என்பார். கேட்டவன் தன் மச்சானோடு உள்ள தகராற்றைச் சொல்ல ஆரம்பிப்பான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நமஸ்காரம் சொன்னவன். மற்றதையெல்லாம் சந்தையில் படித்தேன். தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள். ஆகவே டாக்டரின் தமிழைத் தமிழாக்கம் செய்வது என் உத்தியோகம். சாப்பாடு அவர் பொறுப்பு.

அந்தச் சாப்பாடு அட்டன் கடைத்தெருவில் காசிம் பாய் கடையில் ஆரம்பித்தது. கனத்த ரொட்டி, தேங்காய்ச் சம்பல். சம்பல் நாக்கில் பட்டதும் குளிர் ஊரைவிட்டே ஓடியது. டாக்டர் காப்பி கேட்டார்.

"காப்பியா?" என்றார் பாய். "இந்த மலையில காப்பி செத்துப் பல காலமாச்சுங்க. அதப் பொதச்ச எடத்துலதான் தேயில நட்டுருக்காங்க."

சரி, தேயிலை நாட்டுத் தேநீராவது குடிப்போம் என்று வாங்கினால், அது எங்கள் ஊர் ரயிலடியில் கிடைப்பதைவிட மோசமாக இருந்தது. பாயைப் பார்த்தேன். அவர் வெட்கப்படவே இல்லை. "நல்ல தூளெல்லாம் கப்பலேறிரும். பெருக்குனது நமக்கு."

மறுநாள் பஸ். நல்லதண்ணிக்குப் போய் மலையேறும் யாத்திரைக் காலம். வெள்ளை உடுத்திய சிங்களப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஏற்றம் வந்ததும் பஸ் பெருமூச்சு விட்டுப் பின்னால் போக ஆரம்பித்தது. டிரைவர், "பய வென்ட எப்பா!" என்று கத்தினான். பயப்பட வேண்டாம் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு முதலில் குதித்தவன் அவன்தான். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஒரு கிழவி தள்ளியபடியே சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்திலிருந்தவர் எனக்குச் சொன்னார்: "இந்த பஸ்ஸத் தள்ளுனதுக்கே பாதிப் பாவம் போயிருச்சு, மீதிக்கு மட்டும் மலையேறுனாப் போதும்னு சொல்லுது."

டாக்டர் இறங்கவில்லை. கண்ணாடிகள் அடங்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். அவரையும் சேர்த்துத்தான் தள்ளினோம்.

தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஏதோ ஸ்காட்லாந்து ஊருடையது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஜனங்கள் அதைக் குரங்குமலை என்று கூப்பிடுகிறார்கள். குரங்கு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பச்சைக் கம்பளத்தைச் சுருட்டாமல் மலைமேல் போட்ட மாதிரி தேயிலை. அதன் நடுவே மாட்டுக் கொட்டகை மாதிரி நீளமாக லயங்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். மேலே துரையின் பங்களா. அதில் ரோஜாச் செடிக்குத் தனி அறை.

துரை எங்களை நிற்கவைத்தே பேசினார். ஆராய்ச்சி செய்துகொள்ளலாம், ஆனால் கொழுந்து பறிக்கும் வேலை கெடக்கூடாது. எல்லோரையும் நிறுத்திவைக்க முடியாது. வாய் நோய் உள்ளவர்களை மட்டும் காலையில் பெரட்டு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். பெரட்டு என்பது, விடிந்ததும் ஆட்களையெல்லாம் களத்தில் நிறுத்திப் பெயர் போட்டு மலைக்கு விரட்டும் சடங்கு. ஆட்களைப் பொறுக்கித் தரும்படி கங்காணிக்கு உத்தரவாயிற்று. லண்டனில் தோட்டத்தின் பெயர் அச்சில் வரும் என்று டாக்டர் சொன்னபோது மட்டும் துரை முகத்தில் கொஞ்சம் வெயில் அடித்தது.

வீரமலைக் கங்காணியைப் பங்களா வாசலிலேயே பார்த்தோம். வேட்டி, அதன்மேல் கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "இந்த ஒரு வாக்கியத்தை நானே சொல்லுகிறேன், ஓய். எளிய விஷயம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "வாயில் துஷ்டம் உள்ளவர்களை மாத்திரம் நாளைக் காலை அனுப்பி வையும்."

கங்காணியின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. "வாய்த்துஷ்டமுங்களா?" என்றார். "தொரைக்குத் தெரியுமுங்களா?"

"துரையின் உத்தரவுதான்."

"அடடா! இது வரைக்கும் யாருக்கும் தோணாமப் போச்சே! நம்ம தோட்டத்துல அதுக்கா பஞ்சம்? நானே பொறுக்கி நிறுத்துறேங்க."

வியாதிக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "புத்திசாலி, உடனே கிரகித்துக்கொண்டார்" என்றார் டாக்டர்.

காலையில் பனியில் ஒரு வரிசை நின்றது. ஆணும் பெண்ணுமாக, தலையில் கம்பளி, இடுப்பில் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கு. டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு முதல் வாய்க்குள் புகுந்தார். பளபளவென்று இருந்தது. இரண்டாவது வாயில் பல் முல்லை மொட்டு. மூன்றாவது ஆள் வெற்றிலையே போடுவதில்லையாம். வரிசை பாதி நகர்ந்தும் ஒரு கொப்புளம்கூடக் கிடைக்கவில்லை. டாக்டரின் முகம் வாடிக்கொண்டே போனது. மலைக்காற்று வாய்க்கு நல்லது என்று புதிதாக ஒரு கட்டுரை எழுதிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் வரிசையோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணி என்ற மெலிந்த ஆள் என் காதருகே வந்து கேட்டான்: "ஐயா, ஊசி போட்டா வாய் அடியோட நின்னுருமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா கொறையுமா?"

"எந்த வாய்?"

"நாக்கக் குட்டையாக்கப் போறதாச் சொல்றாங்களே. வேணாங்க. எனக்குக் கட்டிக் குடுக்கப் பொண்ணு இருக்கு, பேசாமக் கல்யாணம் நடத்த முடியுமா?"

பின்னால் நின்ற ஒருத்தி, "ஊசி போடட்டும், போடாமப் போகட்டும். பத்துச்சீட்டு குடுத்துருவாங்களா, அதக் கேளுங்க" என்றாள். பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்தித் தோட்டத்தை விட்டே அனுப்பும் சீட்டு. ஒருவருக்குக் கொடுத்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டும்.

நீங்கள் எல்லாம் என்ன குற்றம் செய்தீர்கள் என்று விசாரித்தேன். இவள் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று துரை காதில் விழும்படி சொன்னவள். அவன் பெரட்டுக் களத்தில் கங்காணி வழுக்கி விழுந்தபோது சிரித்தவன். மாசிலாமணி எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவன். எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் துஷ்ட விரணத்தைத்தான் துஷ்டம் என்றார். கங்காணி காதில் விழுந்தது வாய்த்துடுக்கு. எதிர்த்துப் பேசுகிற வியாதிக்கு வைத்தியம் பார்க்க இந்தியாவிலிருந்து ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்று மனிதர் ராத்திரி முழுவதும் பூரித்திருக்கிறார்!

நான் சிரித்த சிரிப்பில் டாக்டர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கங்காணியும் சிரிக்கவில்லை. "புண்ணுன்னு சொல்லியிருந்தா நான் புண்ணக் கொண்டாந்திருப்பேன். துஷ்டம்னீங்க, துஷ்டத்தக் கொண்டாந்தேன்" என்றார். நியாயம்தானே? பிறகு, போன மானத்தைக் கொஞ்சம் மீட்கிறவராகச் சொன்னார்: "இதுகளுக்கெல்லாம் தலைவி ஒருத்தி இருந்தாளுங்க, காத்தாயின்னு. அவளக் கூட்டியாரலைங்க. அவளுக்கு இப்ப வாயே இல்ல. தீவாளியிலேருந்து ஒரு எதிர்ப்பேச்சு கெடையாது. அடக்கிப்புட்டேன்."

காத்தாயி பெயரைக் கேட்டதும் வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. ஆளுக்கு ஒன்றாக அவள் சொன்னதை எடுத்துவிட்டார்கள். துரையின் நாயைப் பார்த்துச் சொன்னாளாம்: "நாயிக்குப் பேரு வச்சிருக்காரு, நமக்கு நம்பரு வச்சிருக்காரு." கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப் பேர் போடுவார், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அப்படிப் போட்ட சாயங்காலம் அவள் லயத்தில் வந்து சொன்னாளாம்: "'காத்தா' மட்டுந்தான் வூட்டுக்கு வந்திருக்கா. 'யி' இன்னும் மலையிலதான் கெடக்கு."

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. டாக்டருக்குப் புண் எப்படியோ அப்படி எனக்குப் பேச்சு. இப்படிப் பேசுகிறவளை நேரில் பார்க்காமல் ஊர் திரும்புவதா?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாயங்காலம் அவளைக் கண்டுபிடித்தேன். நாற்பதைத் தாண்டியவள், ஒடிசலான உடம்பு. சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். துறையூர்ப் பக்கத்துக்காரி என்று கூட இருந்த அவள் நாத்தனார் ராக்கு சொன்னாள். எங்கள் சீமைதான் என்று ஊர், தெரு, கோயில் எல்லாம் விசாரித்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

"மதினிக்கு வேண்டுதல்" என்றாள் ராக்கு. "பேசாம இருக்கிறதா சாமிக்கு நேந்துருக்கு."

லயத்துக்குக் கூட்டிப்போய் எனக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். காத்தாயி மட்டும் ரொட்டியைத் தேத்தண்ணியில் கூழாகக் கரைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து விழுங்கினாள். சம்பலைத் தொடவில்லை. அப்புறம் நான் வெற்றிலைப் பையை நீட்டினேன். அவள் பல் கறை என் தொழிலுக்கே சவால்; வருஷக்கணக்கில் மென்ற பல். அப்படிப்பட்டவள் வெற்றிலையைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். பல்பொடி விற்கிறவனுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா?

"தங்கச்சி, எந்தக் கன்னம்?" என்று கேட்டேன்.

ராக்கு அழ ஆரம்பித்தாள். காத்தாயி தலைப்பை இறுக்கிக்கொண்டு, வார்த்தையை உதட்டோடு உருட்டிச் சொன்னாள்: "காட்ட மாட்டேண்ணே. சீக்காளின்னு தெரிஞ்சாப் பத்துச்சீட்டு. எம் புருசன், இவ, இவ புள்ளைக, எல்லாரும் எறங்கணும். ஊர்ல எங்களுக்கு ஒரு தாவாரங்கூட இல்ல."

புண்ணை வளரவிட்டால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். டாக்டர் நல்லவர் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிப் போனது உண்மை. எதுவும் ஏறவில்லை. எழுந்து புறப்படும்போது அலுப்பில் சொன்னேன்: "சரி, இரு. உன் வாயைத் தானே அடக்கினதாக வீரமலைக் கங்காணி டாக்டர்கிட்ட மார் தட்டிக்கிட்டு இருக்கார். அவர் பேரிலேயே இருக்கட்டும்."

தலைப்பு விழுந்தது. "யாரு?" என்றாள். "அந்தக் கோட்டா?"

பிறகு நான்தான் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. டாக்டர் தோட்டத்து ஆஸ்பத்திரி அறை வாசலில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கங்காணி பக்கத்தில் நின்று குடையை ஆட்டி ஆட்டி ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். காத்தாயி நேரே போய் டாக்டர் முன்னால் நின்றாள். "பாத்துக்கங்க, சாமி. என் வாய அடக்குனது இந்தப் புண்ணு. புண்ணுக்குச் சேர வேண்டிய மரியாதைய இவருக்குக் குடுத்துராதீங்க." சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

டாக்டர் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். தீபாவளிக்கு மத்தாப்பு கிடைத்த பிள்ளை அப்படிச் சிரித்திருக்கும். "பேஷ்! ஒதுக்கி வைக்கும் அதே ஸ்தானம்! வெள்ளைப் படலம், நடுவே விரணம், விளிம்பு எவ்வளவு லட்சணம் பாரும், ஓய்!" படம் வரைந்தார், அளந்தார், மறுபடி அளந்தார்.

காத்தாயி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இம்புட்டுச் சந்தோசப்படுறாரே, நல்ல புண்ணாண்ணே?" என்றாள்.

நான் அதை டாக்டரிடம் சொல்லவில்லை, வேறொன்று கேட்டேன். இது தீருமா? தீரும் என்றார். இன்னும் சிறிசுதான், கழுத்தில் கட்டி இல்லை. கொழும்புக்குப் போனால் வெட்டியோ ரேடியம் வைத்துச் சுட்டோ எடுத்துவிடலாம். வெட்டினால் பேச்சு எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அப்படியானால் யார் அனுப்புவது என்றேன். டாக்டர் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "அது துரையின் பாடு. நான் சிகிச்சைக்கு வரவில்லை, ஓய். ஆராய்ச்சிக்கு வந்தவன். இப்போது ஒன்று கிடைத்துவிட்டதல்லவா? நாளை எல்லோரையும் பார்க்கத் துரையிடம் அனுமதி வாங்கிவிடுகிறேன்."

என் உத்தியோகம் தமிழாக்கம். ஆகவே லயத்துக்குப் போய் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தமிழாக்கிச் சொன்னேன்.

மறுநாள் பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. துரைகூட வந்திருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளிடம், "திறவும்" என்றார். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஆள்; அதே. அடுத்தவள் உதட்டை உள்ளுக்கு மடித்து வைத்திருந்தாள். களம் முழுவதும் ஒரு பல் தெரியவில்லை.

"சொல்லும், ஓய்!" என்றார் டாக்டர் என்னிடம். நானும் உதட்டை மூடிக்கொண்டேன்.

கங்காணி முன்னால் பாய்ந்தார். ஆயுள் முழுவதும் வாயை மூடு, வாயை மூடு என்று கத்தியே தொண்டை கட்டிய மனிதர். "வாயத் தொறங்கடா!" என்றார். அசையவில்லை. "தொறங்க புள்ள!" என்றார். துரையின் பிரம்பு காலணியில் தட்டத் தொடங்கியது. "அட, கும்புடுறேன், தொறங்கப்பா! இத்தன நாளாத் தொறந்துதானே வச்சிருந்தீங்க!"

மாசிலாமணி ஒருவன் வாய்தான் திறந்தது. "தொறந்தாப் பேச்சும் கூட வந்துருமே, கங்காணியாரே? காத்தாயி கொழும்புக்குப் போகட்டும். பத்துச்சீட்டு கூடாது, வேலையும் அறையும் அவளுக்கே இருக்கணும். அப்புறம் டாக்டரையா எங்க வாய்க்குள்ள குடித்தனமே பண்ணட்டும்."

டாக்டர் துரையைப் பார்த்தார். வாய் இல்லையென்றால் கட்டுரை இல்லை. துரை மலையைப் பார்த்தார். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, அது யாருக்கும் காத்திருக்காது. லண்டனில் வரவேண்டிய பெயரும் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். தோட்டத் தமிழில் கத்தினார்: "போ! காத்தாயி கொழும்பு போ! வேலை இருக்கு, வீடு இருக்கு! மத்த ஆள் எல்லாம் வாய் காட்டு, மலைக்குப் போ!"

அப்புறம் டாக்டருக்கு வாயோ வாய். புண்களும் கிடைத்தன, பாவம், அவர் ஆசைப்பட்டதைவிடக் கூடவே. துரையை உட்காரவைத்து, இன்னின்னாரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று அவரே சொன்னார். கேட்காவிட்டால் வாய்கள் மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆராய்ச்சியால் விளைந்த நன்மை என்று அதைத்தான் நான் சொல்லுவேன்.

புறப்பட்ட அன்று அட்டன் ஸ்டேஷனில் காத்தாயியும் அவள் புருஷனும் எங்கள் ரயிலிலேயே ஏறினார்கள். துரை உத்தரவுப்படி வழியனுப்ப வந்த கங்காணி, குடையை ஒரு கையிலும் அவள் துணி மூட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லபடியா வா, புள்ள" என்றார். "நீ பேசாம பெரட்டு பெரட்டாவே இல்ல." அவர் நிஜமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"வந்தாப் பேசுறேன்" என்றாள் காத்தாயி. "வாய் வராட்டியும் வெரல் வரும். உங்க கோட்டக் காட்டுனாலே சனம் சிரிச்சுக்கும்."

ரயில் நகர்ந்ததும் அவள் ஆரம்பித்தாள். பாதி வார்த்தை கன்னத்தில் தடுக்கி விழுந்தது. ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, எச்சிலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு பேசினாள். துரை, துரைசானி, நாய், கணக்கப்பிள்ளை, புருஷனின் குறட்டை என்று ஒருவரையும் விடவில்லை. "கொஞ்சம் நிறுத்து, தாயி" என்று அவள் புருஷன் கெஞ்சினான்.

"தீவாளியிலேருந்து சேந்து கெடக்கு" என்றாள். "வெட்டுறவன் எதையெல்லாம் சேத்து வெட்டுவானோ. அதுக்குள்ள கொட்டிப்புட்டுப் போறேன்."

வண்டி முழுவதும் அவளைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தது. மலை இறங்க இறங்கக் குளிர் விட்டது, பேச்சு விடவில்லை. ஒரு மூலையில் லண்டனுக்கு இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பஞ்சநதம் தலையைத் தூக்கினார்.

"ஓய், அவளைச் சற்று மௌனம் சாதிக்கச் சொல்லும். எனக்கு எழுத்து ஓடவில்லை."

வந்த நாள் முதல் அவர் சொன்னதையெல்லாம் தமிழாக்கியிருக்கிறேன். அதை மட்டும் செய்யவில்லை.